கேட்டுக்கொண்டிருந்தவர்

அவருக்குத் தமிழ் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. மொரீஷியசிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் வாடகைக்குக் குடியேறியிருந்த அந்தப் பெண்ணின் தபால்பெட்டியில், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சற்று நெளிந்துபோன முருகனின் பெயரொன்று குடும்பப்பெயராக எழுதப்பட்டிருந்தது. அம்மா அதை வேலிக்கு இப்பால் நின்று எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு உள்ளே வந்து, "எங்கட ஆள்தான்" என்று அப்பாவிடம் அறிவித்தார்.

எழுபதுகளின் முற்பாதியில், மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் ஒரே வரவேற்பறைக்குள் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒருவர் வீட்டில் கூடுவோம். வாடகை வீட்டுக் கம்பளத்தில் கற்பூரம் விழுந்துவிடக் கூடாதென்று கீழே ஒரு கேக் தட்டைப் பிடித்தபடி பூசை நடக்கும். அவர் முதன்முதலில் வந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில்தான் பூசை. அவரைப் பாடச் சொன்னார்கள். கண்களை மூடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முருகன் பாடல்கள் சிலவற்றை ஒரு சொல் தடுக்காமல் பாடினார். எங்கள் மாமிமார் இரண்டாம் அடியில் தடுமாறி, மூன்றாம் அடியில் முணுமுணுத்து, மிச்சத்தைக் கைதட்டிச் சமாளிக்கும் பாடல்கள் அவை.

"உச்சரிப்புத்தான் கொஞ்சம் வேறமாதிரி," என்றார் அம்மா, எல்லோரும் போன பிறகு. "அந்த வெக்கத்திலதான் வாய் திறந்து கதைக்கிறாவில்லை. பாவம்."

அன்றிலிருந்து அம்மா அவருடன் தமிழில் மட்டுமே பேசினார். அவர் "ம்" என்றார். "ஓம்" என்றார். ஐயோ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஐயோ என்றார். அப்பாவும் நானும் அவருடன் ஆங்கிலத்திலேயே பேசுவோம். அம்மாவுக்கே ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது எனக்கு அப்போது. எனவே எவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

அவர் உயரமானவர். நாற்பதை நெருங்கியிருக்கலாம். தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டி, வேலைக்குப் போகும்போது மட்டும் வலைத்தொப்பிக்குள் செருகியிருப்பார். டப்பாக்களில் உணவு அடைக்கும் தொழிற்சாலையொன்றில் பிற்பகல் வேலை. வரிசையாக ஓடிவரும் டப்பாக்களில் நசுங்கியவற்றைக் கண்டு எடுத்துப் போடுவது அவருடைய பொறுப்பு. இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காதாம். அவரோடு நின்றவர்கள் கிரேக்கர்கள், துருக்கியர்கள், யூகோசிலாவியர்கள். "எங்கள் வரிசையில் ஒருவருக்கும் மற்றவரின் மொழி தெரியாது," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "தெரிந்தாலும் கேட்காது. ஆனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்."

காலை நேரங்களில் அவர் வீட்டிலிருந்து தட்டச்சுப்பொறியின் ஓசை வரும். ஏதோ அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலையும் வீட்டிலிருந்தே செய்துகொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். அவர் நாவலாசிரியர் என்பது தெரியவர வெகுகாலமாயிற்று. ஒருநாள் தபால்காரர் பாரிசிலிருந்து வந்த கனத்த பொதியொன்றைத் தவறுதலாக எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஓரம் கிழிந்திருந்தது. உள்ளே ஒரே புத்தகத்தின் பல படிகள். அட்டையில் ஓடும் ரயிலின் படியில் தொங்கும் பெண்ணொருத்தி. அவளுக்கு மேலே, தபால்பெட்டியில் இருந்த அதே பெயர். பள்ளியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த நான் பின்னட்டையை அகராதியோடு வாசித்தேன். பதினைந்து, பதினாறு வயதினருக்கான கதைகளை எழுதுபவர் என்றும், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கனடாவிலும் இளைஞர்கள் அவரை விரும்பி வாசிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது.

பொதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வெட்கப்படவுமில்லை, பெருமைப்படவுமில்லை. "அங்கே நான் எழுத்தாளர்," என்றார். "இங்கே நான் நசுங்கிய டப்பா பார்ப்பவள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேலைதான்."

மெல்பேர்ணில் அவருடைய ஒரு புத்தகத்தைக்கூட நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. அவருடைய வாசகர்கள் கடல்களுக்கு அப்பால் இருந்தார்கள். அவர் எழுதிய மனிதர்கள் அதே தெருவில் இருந்தார்கள். பதிப்பகத்தார் அவரிடம் தென்னை மரங்களையும் கரும்புத் தோட்டங்களையும் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். ஊரை விட்டு வெளியேறி ஆண்டுகளாகிவிட்டன, இப்போது கண்ணால் பார்க்காத இடத்தை எழுத மாட்டேன் என்று அவர் மறுத்துக்கொண்டேயிருந்தார். அவருடைய கதைகளில் மரப்பலகை வேலிகளும், ரயில் கடவைகளும், தொழிற்சாலை வாசலில் மகளுக்காகக் காத்து நிற்கும் தகப்பன்மாரும் வந்தார்கள். முதல் நாவலை மொரீஷியசில் ஆசிரியையாக இருந்த காலத்தில் எழுதினாராம். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு ஆலைக்குப் போகவிருந்த மாணவிகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்டுவதற்காக. அவர்கள் கடைசி அத்தியாயத்துக்கு முன்பே போய்விட்டார்கள் என்று சொன்னபோதுகூட அவர் குரல் மாறவில்லை.

கேட்பதுதான் அவருடைய இயல்பு. பிறர் பேசும்போது அவருடைய உடம்பில் எதுவும் அசையாது. தேநீர் ஆறும், குடிக்க மாட்டார். இடையில் கேள்வி கேட்க மாட்டார். பேசுபவரின் முகத்தையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் குசினிக்கு வந்து, ஜன்னலோரக் கதிரையில் உட்காருவார். அம்மா சமைத்துக்கொண்டே பேசுவார். நான் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

"கேக்கிற காது எண்டா அவவுக்குத்தான்," என்பார் அம்மா. "உங்கட அப்பாவுக்கு ஒரு வசனம் சொல்லி முடிக்க ஏலுமே? பேப்பரைத் திருப்பிற சத்தத்தில பாதி போயிடும்."

அப்படிக் கேட்கும் காது ஒன்று அம்மாவுக்கு அப்போது மிகவும் தேவையாக இருந்தது. எங்கள் வீட்டின் பின்வளவில், பலகையால் கட்டிய ஒற்றை அறையில், அம்மாவின் தம்பி ஒளிந்திருந்தார்.

சின்னமாமா சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். கப்பல் மெல்பேர்ண் துறைமுகத்தில் நின்றபோது, அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியவர் திரும்பிப் போகவில்லை. கப்பல் அவரில்லாமலே புறப்பட்டது. கப்பலை விட்டு ஓடியவர் பிடிபட்டால் நாடு கடத்துவார்கள். ஒளித்து வைத்தவருக்கு என்ன நடக்கும் என்பது அப்பாவுக்கும் திட்டமாகத் தெரியாது. ஆனால் அவர் அரசாங்க அலுவலகமொன்றில் பொறியியலாளர், நாங்கள் நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பமும் அப்போது முடிவாகாமல் கிடந்தது. அப்பா ஒரேயொரு சட்டம் போட்டார். எவருக்கும் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்களுக்கும் கூடாது. அவர்களுக்குத்தான் முக்கியமாகக் கூடாது.

அம்மா அந்தச் சட்டத்தை முதல் வாரத்திலேயே மீறினார். எங்கள் குசினியில், ஜன்னலோரக் கதிரைக்கு எதிரில் நின்று, மாமா எப்படி வந்தார், ஊரில் என்ன நடக்கிறது, அம்மம்மா என்ன எழுதினார், எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். "தங்கச்சி, இது உமக்கும் எனக்கும் உள்ள கதை," என்று ஒவ்வொரு முறையும் முடிப்பார். அவர் தலையசைப்பார். நான் போஞ்சிக்காயை விட்டுத் தலை நிமிர்த்த மாட்டேன்.

அவர் எங்கள் பக்கம் நிற்கிறார் என்பதற்கு ஒரு சனிக்கிழமை சாட்சியும் கிடைத்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், கையில் கோப்புடன் எங்கள் வாசல்மணியை அடித்தார். அம்மாவின் கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. அப்பா வீட்டில் இல்லை. மாமா பின்னறையில். அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்த அவர், கதிரையிலிருந்து எழுந்து, தானே போய்க் கதவைத் திறந்தார். பிறகு எங்களுக்குக் கேட்டதெல்லாம் பிரெஞ்சு. வேகமான, முடிவில்லாத, கைகளை வீசிப் பேசும் பிரெஞ்சு. வந்தவர் இரண்டு முறை ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார், பிறகு போய்விட்டார். கலைக்களஞ்சியம் விற்க வந்தவராம். அம்மா நாற்காலியில் தொய்ந்து அமர்ந்து, "பாத்தியா பிள்ளை, நான் சொன்னதெல்லாம் எப்பிடி மனசில வச்சிருக்கிறா," என்றார்.

அதே ஆண்டின் குளிர்காலத்தில் அவர் என்னிடம், தான் ஒரு புதிய நாவலில் இருப்பதாகச் சொன்னார். என்ன கதை என்று கேட்டேன். பள்ளிப் பிள்ளையின் மரியாதைக் கேள்விதான் அது.

"கப்பலிலிருந்து இறங்கித் திரும்பிப் போகாத ஒருவன்," என்றார். "ஒரு வீட்டின் பின்னறையில் ஒளிந்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு உன் வயது. அவள்தான் கதையைச் சொல்கிறாள்."

"எந்த ஊரில்?" என்று கேட்டேன்.

"இந்த ஊரில்தான். இது மாதிரி ஒரு தெருவில்."

நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார். அன்று மாலை அப்பா சப்பாத்தைக் கழற்றும் முன்பே அம்மா எல்லாவற்றையும் ஒப்புவித்தார். அப்பா கோபத்தில் குரலைத் தாழ்த்துகிறவர். அன்று அவர் பேசியதைக் கேட்க நாங்கள் முன்னே சாய வேண்டியிருந்தது.

"நீர் என்ன சொன்னனீர் அவவுக்கு?"

"எல்லாம்."

"எல்லாம் எண்டா?"

"எல்லாம் எண்டா எல்லாந்தான். கப்பலின்ர பேரைத் தவிர. அது எனக்கு வாயில வாறேல்லை."

பின்னறையிலிருந்து கூப்பிடப்பட்டு வந்த மாமா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். இருபத்தோரு வயது. எதையும் பகிடியாக்கிவிடலாம் என்று நம்பிய வயது. "பிரெஞ்சில வந்தா நல்லதுதானே அத்தான். நாளைக்குப் படமும் எடுப்பாங்கள். எனக்கு ஆரைப் போடுவாங்களோ தெரியேல்லை."

"பகிடி விடாதை," என்றார் அப்பா. "இந்தத் தெருவில எத்தினை கறுத்த குடும்பம் இருக்கு? பின்னறை உள்ள கறுத்த குடும்பம் எத்தினை? விலாசம் எழுதத் தேவையில்லை."

"ஆர் வாசிக்கப் போறாங்கள் இஞ்சை?"

"ஒருத்தன் வாசிச்சாப் போதும்."

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் வானொலி போடப்படவில்லை. மாமா பை கட்டினார். "அக்கா, நான் மில்டூராப் பக்கம் போறன். பழம் புடுங்கிற தோட்டத்தில ஒருத்தரும் பேர் கேக்கமாட்டாங்கள்." அம்மா பையை அவிழ்த்து உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கினார். மறுநாள் மாமா மறுபடி கட்டினார். அம்மா மறுபடி அவிழ்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் அப்பாவும் அம்மாவும் நானும் பக்கத்து வீட்டுக்குப் போனோம். அப்பா அலுவலகத்துக்குப் போடும் மேலங்கியைப் போட்டிருந்தார். அந்தப் பெண் எங்களை மேசையைச் சுற்றி இருத்தி, வனிலா மணக்கும் மொரீஷியஸ் தேநீர் ஊற்றினார். தட்டச்சுப்பொறியின் மேல் ஒரு துவாலை போர்த்தியிருந்தது. அதன் அருகே தாள்களின் அடுக்கு. பறந்துவிடாமலிருக்க மேலே நசுங்கிய டப்பா ஒன்று.

அப்பா ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில் தொடங்கினார். "என் மனைவி உங்களை நம்பிச் சொன்ன விஷயங்கள் உங்கள் புத்தகத்தில் வருவதை நாங்கள் அனுமதிக்க முடியாது."

"என்ன விஷயங்கள்?" என்று அவர் கேட்டார்.

நடிக்கிறார் என்று அப்பா நினைத்தது அவர் தாடையில் தெரிந்தது. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "தங்கச்சி, என்ர தம்பியைப் பற்றி நான் உமக்குச் சொன்னதுகளை ஒருத்தருக்கும் சொல்லாதையும் எண்டு எத்தினை தரம் கெஞ்சினனான்? கூடப்பிறந்தவள் மாதிரி நினைச்செல்லே சொன்னனான்? இப்பிடிச் செய்யலாமே நீர்?"

அவர் அம்மாவை எப்போதும் பார்ப்பதுபோலவே முழுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"உன் அம்மா என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இன்றைக்கு அது எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருக்கிறது."

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் விளங்கும். விளங்கியது.

"உங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டவர் அப்பா.

"பாட்டுகள் தெரியும். கோயிலில் அவற்றைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள், நாங்கள் மனனம் செய்வோம். அர்த்தத்தை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை." என்றார். "முதல் நாளே சொல்லியிருப்பேன். ஆனால் நான் பாடி முடித்ததும் உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இன்னும் முடிக்கவில்லை."

"கடவுளே," என்றார் அம்மா தமிழில். "இவ்வளவு காலமும் சுவரோடயே கதைச்சிருக்கிறன்?"

"சுவர் புத்தகம் எழுதாது," என்றார் அப்பா.

பிறகு அப்பா, ஆறுதலும் எரிச்சலும் கலந்து, அவரிடம் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார். "அப்படியானால் அவன் கப்பலிலிருந்து வந்தவன் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றார் அவர். "இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது."

அப்பாவின் முகம் அப்படி வெளிறியதை நான் முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

"ஒளிந்திருக்கும் ஒருவர் உண்டு என்பது தெரியும்," என்று அவர் தொடர்ந்தார். குரலில் வெற்றி இல்லை. அதை ஒரு மன்னிப்பைப்போலச் சொன்னார். "குழம்பின் முதல் அகப்பையை உங்கள் மனைவி ஒரு தட்டில் ஊற்றி மூடி வைக்கிறார். வீட்டில் மூன்று பேர்தான். மூடிய தட்டு யாருக்கு? தெருவில் கார் ஒன்று வேகம் குறைந்தால் அவர் முன்ஜன்னலைப் பார்ப்பதில்லை, பின்ஜன்னலைப் பார்க்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கப்பல் என்னுடையது. என் அண்ணன் பிரான்சில், மார்செய் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கினான். அவன் எந்த வீட்டின் பின்னறைக்குப் போனான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் அவன் இருப்பதாக வைத்து எழுதினேன்."

புத்தகத்தை விட்டுவிடும்படி அப்பா கேட்டார். கேட்டார் என்பதைவிட, உத்தரவிட முயன்று கெஞ்சினார் என்பதே உண்மை. பதிப்பகத்தார் கைப்பிரதிக்காகக் காத்திருந்தார்கள். இத்தனை புத்தகங்களையும் இதை எழுதும் தைரியத்துக்காகவே எழுதியதாக அவர் பின்னொருநாள் என்னிடம் சொன்னார். அன்று அதைச் சொல்லவில்லை. அவர் அப்பாவுக்குப் பதில் சொல்லாமல், அம்மாவைப் பார்த்து, மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்கள் வருகிற பக்கத்தை வாசிக்கட்டுமா? அதன் பிறகு நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் வேண்டாமென்றால் புத்தகம் இல்லை."

அம்மா தலையசைத்தார்.

அவர் தாள்களில் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரெஞ்சில் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு குசினி. அக்காள் ஒருத்தி தனக்கு மட்டுமே தெரிந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறாள். கதை சொல்லும் சிறுமிக்கு அம்மொழி தெரியாது. தம்பியைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அக்காளின் கை, ஒன்றுமேயில்லாத மேசையைத் துடைக்கிறது. அவள் என்ன சொல்கிறாள் என்று சிறுமி யோசிக்கிறாள். உலகத்தில் எத்தனையோ துறைமுகங்கள் இருக்கின்றன, நீ ஏன் என்னுடையதில் இறங்கினாய் என்று அவள் கேட்கிறாள். நீ வந்ததில் எனக்குச் சந்தோஷமில்லை என்கிறாள். அதைச் சொல்லிவிட்ட வெட்கத்தில் அவனுக்கு இன்னும் அதிகமாகச் சோறு போடுகிறாள்.

அந்தக் குசினியில் போஞ்சிக்காய் நறுக்கியவள் நான். அம்மா அவரிடம் தமிழில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். என்ர தம்பி தங்கம் என்று சொல்லியிருக்கிறார். அவன் வந்த பிறகுதான் இந்த வீடு வீடாயிற்று என்று சொல்லியிருக்கிறார். இதை ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மாவின் வலக்கை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. தானே அதைக் கண்டு, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார்; பிறகு பார்க்கக் கூடாததைப் பார்த்தவர்போலச் சுவரைப் பார்த்தார். எவரும் தேநீரைத் தொடவில்லை. இனி அம்மா வேண்டாம் என்று சொல்வார், அத்துடன் அந்தப் புத்தகம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, அவருடன் தன் முதல் ஆங்கில வாக்கியத்தைப் பேசினார்.

"மெல்பேர்ண் வேண்டாம். சிட்னி என்று போடுங்கள்."

பார்க்காத இடத்தை எழுத மாட்டேன் என்று பாரிஸ் பதிப்பகத்தாருடன் ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டியவர், "சரி" என்றார்.

தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுச் சிட்னிக்கு ரயிலேறினார். துறைமுகத்துக்கு அருகே அறையெடுத்துத் தங்கி, கப்பல்கள் கட்டி நிறுத்தப்படும் கரையையும், அதிலிருந்து ஏறிப்போகும் குறுகிய படிக்கட்டுகளையும், அங்கே துணி காயப்போடும் பெண்களையும் பார்த்தார். திரும்பி வந்து நாவலை முதலிலிருந்து தட்டச்சு செய்தார். கைப்பிரதி தாமதமானதால் அந்தப் பருவத்தின் புத்தகங்களோடு அது வெளிவரவில்லை. எங்கள் வேலியோரம் வரை கேட்ட அந்த ஓசையை அம்மா வெறுக்கவுமில்லை, விரும்பவுமில்லை. அது நிற்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்.

சில வாரங்கள் ஜன்னலோரக் கதிரை வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை அவர் வழக்கமான நேரத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அரிந்தபடியே தமிழில் பேசத் தொடங்கினார். முன்னைக் காட்டிலும் அதிகமாக, முன்பு சொல்லாதவற்றையும் சேர்த்து. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்தபடிதான் பேசினார். அவர் அதைப் புரிந்துகொண்டார். தன் கதிரையைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டு, வெளியே பார்த்தபடி, "ம்" என்றார்.

அடுத்த கோடையில், இப்படி ஒளிந்திருப்பவர்கள் முன்வந்து பதிந்துகொண்டால் தங்கலாம் என்று அரசு அறிவித்தது. மாமாவை அழைத்துக்கொண்டு அப்பா குடிவரவு அலுவலகத்துக்குப் போய்வரும்வரை அம்மா வாசற்படியில் நின்றார். பக்கத்தில் அவரும் நின்றார். மாமா திரும்பி வந்து கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டியதும், அம்மா தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். "இதென்ன அக்கா, பொலிஸ்கூட அடிக்கேல்லை," என்று மாமா பின்னாலேயே போனார்.

அதன் பிறகுதான் புத்தகம் வந்தது. அவர் எழுதியவற்றில் அதுவே அதிகம் வாசிக்கப்பட்டது. பிரான்சில் பள்ளிகளில் வைத்தார்களாம். அப்பா அதை வரைபடம் சரிபார்ப்பவர்போலப் புரட்டி, சிட்னி, சிட்னி, சிட்னி என்று விரலால் தொட்டுக்கொண்டு போனார். அவர் பிறகு எழுதிய நாவல்கள் எல்லாமே சிட்னியில்தான் நடந்தன. எங்களுக்காகப் பார்க்கப் போன ஊர் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது. எழுபதுகள் முடியும் முன்பே வீட்டைக் காலிசெய்து அங்கே போய்விட்டார். போகும்போது அம்மா நீண்ட நேரம் தமிழில் ஏதேதோ சொன்னார், அன்று முகத்தைத் திருப்பாமல். அவர் கடைசிச் சொல் வரை நின்று கேட்டார்.

அந்த நாவலை எனக்குப் பிரெஞ்சு நன்றாக வந்த பிறகு பல முறை வாசித்திருக்கிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த வாரம், மாமா அதைத் தனக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டார். வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். குசினி வரும் பக்கத்தில் நான் தயங்கியதை அவர் கவனித்துவிட்டார்.

"வாசி பிள்ளை," என்றார். "அக்கா அப்பிடித்தான் நினைச்சிருப்பா. நானெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்."

முழுவதும் வாசித்தேன்.

அப்பா முதலில் போனார். பிறகு சிட்னியில் அவர். பிறகு அம்மா. மாமா இருக்கிறார், டண்டினொங்கில், அதே ரயில் பாதைக்கு அருகில், தன் சொந்தப் பெயரில்.